நிறத்துக்குப் பேர்

புது மென்பொருளை ஒருத்தரும் தொட மாட்டேன் என்கிறார்கள் என்றதும் மேனேஜரம்மாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

குழந்தைகளுக்குப் படப் புத்தகம் போடும் நிறுவனம் அது. படம் வரைகிற குழுவுக்கு நல்ல கருவியாகப் பார்த்து வாங்கி, வேலையை முடுக்கிவிடத்தான் அவளை வேலைக்கு எடுத்திருந்தார்கள். அவளும் அலையாய் அலைந்து, இருப்பதிலேயே வேகமான ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தாள்.

"பழசே போதும் மேடம்," என்றாள் சுருட்டை. தலைமுடியால் வந்த பெயர். குழுவில் கெட்டிக்காரி அவள்தான்.

"பழசு ஆமை மாதிரி நகருது. அப்படி என்னதான் இருக்கு அதுல?"

"ஒவ்வொரு நிறத்து மேலயும் அதோட பேரை எழுதி வைக்கலாம் மேடம். புதுசுல அது முடியாது."

மேனேஜரம்மா திரையை எட்டிப் பார்த்தாள். ஒரு கிளி. உடம்பில் 'இலைப் பச்சை' என்றும், மூக்கில் 'மிளகாய்ச் சிவப்பு' என்றும் பொடி எழுத்தில் எழுதியிருந்தது. இதை எழுதவே பாதிப் பொழுது போய்விடும் போலிருந்தது.

"கண்ணுக்கு எதிர்ல தெரியற நிறத்துக்குப் பேர் எதுக்கு?"

குழுவில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அச்சகத்துல கேக்குறாங்க," என்றாள் சுருட்டை.

மேனேஜரம்மா விடவில்லை. அன்று மத்தியானமே அச்சகத்துக்குப் போய் நின்றாள்.

"நாங்களா கேட்டோம்?" என்றார் அச்சகத்துக்காரர். "பேரையெல்லாம் எடுத்துட்டுத்தானம்மா அச்சுக்கே ஏத்துறோம். எங்களுக்கு அது தனி வேலை."

நன்றாகக் காதில் பூச் சுற்றியிருக்கிறார்கள். இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று திரும்பி வந்தாள்.

வந்த நேரம், குழுத் தலைவர் படம் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாருக்கும் அவர் மாஸ்டர். பின்னால் கை கட்டிக்கொண்டு, திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய் உற்றுப் பார்த்தார். பிறகு தள்ளி நின்று பார்த்தார்.

"கிளியும் இலைப் பச்சை, பின்னாடி மரமும் இலைப் பச்சை. கிளி தொலைஞ்சு போயிடும்," என்றார். "நிறத்தை மாத்தாத. வாலை மட்டும் கிளைக்கு வெளில எடுத்து விடு. தலையைச் சாய்ச்சு, படிக்கிற குழந்தையைப் பாக்கச் சொல்லு."

சுருட்டை அப்படியே செய்தாள். இவ்வளவு நேரம் வெறும் படமாக இருந்த கிளி, இப்போது 'என்ன வேணும் உனக்கு?' என்று கேட்பதுபோல் பார்த்தது. வந்த கோபம் ஒரு கணம் மேனேஜரம்மாவுக்கே மறந்துபோயிற்று.

மாஸ்டர் தன் அறைக்குப் போனதும் சுருட்டையைப் பிடித்தாள்.

"அச்சகத்துக்குப் போயிட்டுத்தான் வரேன்."

சுருட்டை எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"மாஸ்டருக்குச் சிவப்பும் பச்சையும் பிரிச்சுத் தெரியாது மேடம். ஒரு காய்ச்சல்ல படுத்தாரு. எழுந்ததுல இருந்து இப்படித்தான்."

மேனேஜரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஒருநாள் தீயணைப்பு வண்டிக்குக் கை தவறிப் பச்சை அடிச்சுட்டோம். 'பிரமாதம்'னாரு. கிண்டல் பண்றார்னு நாங்க சிரிச்சோம். அவரும் சிரிச்சாரு. அதுக்கப்புறம் அன்னிக்கு முழுக்க வாயே திறக்கல. அப்பதான் எங்களுக்கு உறைச்சுது. அவர் கிளம்பினதும் உக்காந்து எல்லாப் படத்துலயும் பேர் எழுதிட்டோம். அவர்கிட்டயும் அச்சகத்துல கேக்குறாங்கன்னுதான் சொல்லி வச்சிருக்கோம். எங்களுக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியாது. தெரிஞ்சா கூனிக்குறுகிப் போயிடுவாரு, வேலையை விட்டுடுவாரு. அவர் இல்லேன்னா எங்க கிளியெல்லாம் வெறும் பொம்மை மேடம்."

மேனேஜரம்மா மறுநாள் புது மென்பொருளைத் திருப்பி அனுப்பினாள். அதற்காக மேலிடத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டாள். இந்தத் தடவை கடைக்காரரிடம் போகும் முன் வரைகிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தாள். எங்கே கை தடுக்குகிறது, எதற்கு அலுத்துக்கொள்கிறார்கள் என்று பார்த்தாள், கேட்டாள்.

கடைசியில் ஒன்று அகப்பட்டது. அப்படியொன்றும் பறக்கவில்லை. ஆனால் எந்த நிறத்தைத் தொட்டாலும் அதன் பெயர் தானாகவே பக்கத்தில் வந்து நின்றது. எழுதவும் வேண்டாம், அழிக்கவும் வேண்டாம். குழுவில் எல்லார் முகமும் மலர்ந்துவிட்டது.

அடுத்த வாரம் மாஸ்டர் அவளை அறைக்குக் கூப்பிட்டார்.

"வேகமா இருந்ததைத் திருப்பி அனுப்பிட்டீங்களாமே, ஏன்?"

"இதுதான் பசங்களுக்குக் கைக்கு வாகா இருக்கு மாஸ்டர்."

மாஸ்டர் சிரித்தார்.

"அச்சகத்துக்காரர் என்கூடப் படிச்சவர்மா. நீங்க வந்து விசாரிச்சதைச் சொன்னார்."

சாத்தியிருக்கிறதா என்று மேனேஜரம்மா கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"அந்தப் பச்சை வண்டியைப் பாத்துச் சிரிச்சாங்களே, அன்னிக்கே முதலாளிகிட்ட என் கண்ணைப் பத்திச் சொல்லி ராஜினாமா கொடுத்துட்டேன். மறுநாள் காலைல என் சாமானை எடுத்துட்டுப் போகத்தான் வந்தேன். வந்து பாத்தா, எல்லாப் படத்துலயும் பேர்." மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "நேரா மாடிக்குப் போய் ராஜினாமாவைத் திரும்ப வாங்கிட்டேன்."

அவள் எழுந்து கதவருகே போனபோது மாஸ்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"எனக்கு எல்லாம் தெரியும்னு பசங்களுக்குத் தெரிய வேண்டாம்மா. பாவம், என் மனசு நோகக் கூடாதுன்னு அவ்வளவு பாடுபடுறாங்க."