வடக்குக் குறி

“இதோட நாலு தடவை பார்த்தாச்சு மேடம். வடக்கு எங்கயும் ஓடிப் போயிடாது.”

கல்லூரி முதல்வர் விளையாட்டாகத்தான் சொன்னார். ஆர்க்கிடெக்ட் அம்மாள் சிரிக்கவில்லை. உள்ளங்கையில் இருந்த திசைகாட்டியை இன்னொரு முறை உற்றுப் பார்த்துவிட்டுத்தான் பைக்குள் போட்டார். அறுபதைத் தாண்டியவர். கல்லூரி வளாகம் முழுவதையும் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் பசுமைக் கட்டடங்களாக மாற்றித் தர ஒப்புக்கொண்டு வந்திருந்தார். விடுதி, ஆய்வுக்கூடம் எல்லாவற்றுக்கும் பொறுமையாக வைத்தியம் சொன்னவர், இப்போது இருவரும் நின்றுகொண்டிருந்த நூலகத்துக்கு மட்டும் ஒரே வார்த்தையில் தீர்ப்பு எழுதிவிட்டார்: இடிக்க வேண்டும்.

முதல்வர் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. ஒரு வாரமாக அவருக்குக் கை வரவில்லை.

“வேற வழியே இல்லையா மேடம்?”

“மணி அஞ்சு. ஆறு ஏசியும் ஓடுது. உங்க சட்டையைப் பாருங்க.”

சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மேற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி. வெயில் உரிமையோடு உள்ளே வந்து கண்ணாடியோர மேசைமேல் நீட்டிப் படுத்திருந்தது.

கட்டடத்தின் பழைய வரைபடத்தை அம்மாள் அந்த மேசையில் விரித்தார்.

“வடக்கு வெளிச்சத்துக்காக வெச்ச கண்ணாடி சார் இது. வெளிச்சம் வரும், சூடு வராது. ஆனா படத்துல வடக்குக் குறியைத் தப்பான பக்கம் போட்டுட்டாங்க. கொத்தனார் காகிதத்தைத்தானே நம்புவார்? கட்டடமே மேற்கே திரும்பி உட்காந்துடுச்சு.”

முதல்வர் குனிந்து பார்த்தார். பழுப்பேறிய தாளின் மூலையில் ஓர் அம்பு. அதன் வாலில் மெனக்கெட்டு வரைந்த மூன்று இதழ்ப் பூ.

“பூ அழகா இருக்கே.”

“பூவுல இருந்த கவனம் திசையில இல்லை.” அம்மாளின் குரலில் காரம் ஏறியது. “முப்பத்தேழு வருஷமா பிள்ளைங்க வெந்துட்டு இருக்காங்க. இது இருக்கவே கூடாது.”

முதல்வர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“நானும் இங்க வெந்தவன்தான். சாயந்தரமானா எல்லாரும் அந்தக் கோடிக்கு ஓடிடுவாங்க. இந்த மேசையில நானும் ஒரு பொண்ணும் மட்டும். மூணு மாசம் ஒரு வார்த்தை பேசலை. ஒருநாள் அவ நோட்டை எடுத்து என் கண்ணுல வெயில் படாம மறைச்சுப் பிடிச்சா. அப்புறம் முப்பது வருஷம் சேர்ந்து குடும்பம் நடத்தினோம்.”

அம்மாள் கேட்டுக்கொண்டே நின்றார்.

“அவ போய் மூணு வருஷம் ஆச்சு. இன்னைக்கும் ஆபீஸ் முடிஞ்சா இங்க கொஞ்ச நேரம் உட்காந்துட்டுத்தான் வீட்டுக்குப் போறேன். அந்தக் குறியைப் போட்டவங்க எங்க இருந்தாலும் கையெடுத்துக் கும்பிடணும் மேடம். திசை சரியா இருந்திருந்தா இந்த மேசையில கூட்டத்தோட கூட்டமா உட்காந்துட்டுப் போயிருப்போம்.” அவர் பேனாவைத் திறந்தார். “அதுக்காகப் பிள்ளைங்க வேகக் கூடாது. எங்க போடணும்?”

அம்மாள் இடிப்பதற்கான தாளைச் சட்டென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொள்ள அவருக்கு வெகுநேரம் ஆயிற்று.

“வேண்டாம் சார். வெளியே நாலடி தள்ளி ஓட்டைச் செங்கல்ல ஒரு மறைப்புச் சுவர் எழுப்பிடலாம். வடக்குச் சுவர்ல பெரிய ஜன்னலா வெப்போம். ஏசி ரெண்டு போதும்.”

“இது உங்களுக்கு முன்னாடியே தெரியாதா?”

“தெரியும். இதை இடிச்சாத்தான் நிம்மதின்னு நெனைச்சிருந்தேன்.” குரல் வெகுவாகத் தணிந்திருந்தது. “இந்த மேசைக்கு நேரா மட்டும் மறைப்பு வேண்டாம். இங்க வெயில் வரட்டும்.”

அங்கேயே புதுத் தாளை விரித்துப் பென்சிலால் மளமளவென்று வரைந்தார். கடைசியில் திசைகாட்டியை எடுத்து ஆறாவது முறையாகப் பார்த்துவிட்டு, மூலையில் வடக்குக் குறியைப் போட்டார்.

முதல்வர் எட்டிப் பார்த்தார். அம்பின் வாலில் அதே மூன்று இதழ்ப் பூ.

பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு, அவர் எழுந்து நின்று கைகளைக் குவித்தார்.