இன்னொரு தம்பி

டாஸ்மேனியாவின் சிற்றூர் மருத்துவமனை ஒன்றில் கிளைவ் இறந்துகொண்டிருந்தார். உறவினருக்கு மட்டுமே அனுமதியுள்ள அந்த அறையில், அவர் கையைப் பற்றியபடி டெஸ்மண்ட் அமர்ந்திருந்தார்.

கிளைவின் அக்கா மேவிஸ் வந்ததும் தாதி, "உங்க இன்னொரு தம்பி உள்ளதான் இருக்காரு," என்றாள்.

"எனக்கு ஒரே தம்பிதான்!"

மேவிஸ் சீறியபடி உள்ளே நுழைந்தாள். "டெஸ்மண்ட்! நாப்பது வருஷமா அண்ணன் தம்பின்னு ஊரை ஏமாத்தினது போதாதா? இங்கயும் அதே பொய்யா?"

"இல்லேன்னா விடமாட்டாங்கக்கா. அவன் கண்ணை மூடுற வரைக்கும் இருந்துக்கறேன். காட்டிக் குடுத்துடாதீங்க."

"வாயை மூடு! ஆம்பளையும் ஆம்பளையும் சேர்ந்து வாழ்ந்தா ஜெயில்ல போடுற சட்டம் ஒழிஞ்சு எத்தனை வருஷமாச்சு? நரி செத்தப்புறமும் முயல் பொந்துக்குள்ளயே கிடக்கணுமா?"

அவளது சினம் பின்னாலேயே வந்து வாசலில் நின்ற தாதியின் பக்கம் திரும்பியது.

"பதிவேட்டைத் திருத்தும்மா! இவர் என் தம்பி இல்ல. என் தம்பியோட வீட்டுக்காரர்!"