நாற்பத்தோராவது மெயில் ஐடி

"நாற்பது பாஸ்வேர்டு எழுதிக் கொடுத்திருக்கீங்க. நாற்பத்தொண்ணாவது எங்கே?"

சின்னவர் கேட்டபோது வயர் அண்ணன் பட்டியலைப் பார்க்கவில்லை. தன் செருப்பைப் பார்த்தார்.

கதவுக் கீல் செய்யும் கம்பெனி அது. அறுபது பேருக்கு வேலை. பெரியவர் ஆரம்பித்தது, இப்போது அவர் மகன் சின்னவர் நடத்துகிறார். மேஜைக்கு மேஜை கம்ப்யூட்டர் வந்த நாளிலிருந்து அவற்றைக் கட்டி மேய்த்தவர் வயர் அண்ணன். எப்போது பார்த்தாலும் தோளில் ஒரு வயர்ச் சுருளோடு திரிந்ததால் அந்தப் பெயர்.

இனி அந்த வேலையை வெளிக் கம்பெனி ஒன்று பார்த்துக்கொள்ளும். எங்கேயோ உட்கார்ந்தபடியே இங்கே பழுது நீக்குவார்கள். வயர் அண்ணனையும் அவர்களே எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. அதற்குச் சின்னவர் ஒரு நற்சான்றுக் கடிதம் தரவேண்டும். அது இல்லாவிட்டால் ஐம்பத்தாறு வயதில் அவரை யாரும் வாசற்படி ஏற்றமாட்டார்கள்.

ஒப்படைக்கிற பட்டியலில்தான் சிக்கல். நாற்பத்தோராவதாக 'பில்-2' என்று ஒரு மெயில் ஐடி. உபயோகிப்பவர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'மூட வேண்டாம்' என்று மட்டும் இருந்தது.

யாருடையது என்று கேட்டார் சின்னவர். இப்போது யாரும் உபயோகிப்பதில்லை என்றார் இவர். அப்படியானால் மூடிவிடலாமே என்றதற்கு, "வேண்டாம் தம்பி. திறக்கவும் வேண்டாம், மூடவும் வேண்டாம். அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.

ஏன் என்று கேட்டால், "அதைச் சொல்ற உரிமை எனக்கில்லை."

சின்னவருக்குச் சுருக்கென்றது. போன மாதம் இரண்டு பெரிய ஆர்டர்கள் கைநழுவிப் போயிருந்தன. இரண்டு தடவையும் போட்டிக் கம்பெனி இவர்கள் விலையைவிடக் கொஞ்சமே கொஞ்சம் குறைத்துக் கொடுத்திருந்தது. அது எப்படி என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தவருக்கு இப்போது முடிச்சு அவிழ்ந்துவிட்டது போலிருந்தது.

தனியாகக் கூப்பிட்டு விசாரித்திருக்கலாம். செய்யவில்லை. வெளிக் கம்பெனியை அறிமுகப்படுத்தும் கூட்டம் அன்று மதியம் இருந்தது. அங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார்.

ஆபீஸ் ஆட்கள் எல்லோரும் வந்தார்கள். பெரியவரும் வந்து ஓரமாக உட்கார்ந்தார். வீட்டில் பொழுது போகாமல் தினமும் இரண்டு மணி நேரம் ஆபீசுக்கு வந்து போவது அவர் வழக்கம்.

மேஜை நடுவில் இருந்த ஸ்பீக்கர் ஃபோனில் வெளிக் கம்பெனிப் பெண் வணக்கம் சொன்னாள். சின்னவர் நேரே விஷயத்துக்கு வந்தார். இத்தனை வருஷம் இங்கே சம்பளம் வாங்கின ஒருவர் ஒரு மெயிலை ஒளித்து வைத்திருக்கிறார், அதில் என்ன இருக்கிறது என்று எல்லோருமே தெரிந்துகொள்வது நல்லது என்றார்.

"பூனை மாதிரி இருந்துக்கிட்டு, இந்த மனுஷனா?" என்றார் கணக்குப் பிரிவு அம்மா, பக்கத்திலிருந்தவளிடம். எல்லோர் காதிலும் விழும்படிதான் சொன்னார்.

பாஸ்வேர்டு இல்லாமல் திறக்கமுடியுமா என்று சின்னவர் ஃபோனைப் பார்த்துக் கேட்டார். மொத்தக் கட்டுப்பாடும் தங்கள் கைக்கு வந்துவிட்டது, ஒரு நிமிஷம் போதும் என்றாள் அவள்.

"தம்பி, எனக்கு அந்தக் கடிதமே வேண்டாம்," என்றார் வயர் அண்ணன். "இப்பவே போயிடறேன். இதை மட்டும் விட்டுடுங்க."

"பயம் வந்துடுச்சா அண்ணே?"

யாரோ சிரித்தார்கள்.

"சார், முந்நூறு மெயிலுக்கு மேல இருக்கு," என்றது ஃபோன். "எல்லாம் ரெண்டு மூணு வருஷத்துக்குள்ள இங்கே வந்ததுதான். அப்போலேர்ந்து இதிலிருந்து வெளியே ஒண்ணும் போகலை. வந்ததிலயும் ஒண்ணைக்கூட யாரும் திறந்து பார்க்கலை."

யாருமே திறக்காத மெயிலில் என்ன திருட்டு இருக்கமுடியும் என்று சின்னவருக்குத் தோன்றத்தான் செய்தது. ஆனால் அத்தனை பேரும் தன்னையே பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்வாங்க மனசு வரவில்லை.

"கடைசியா வந்ததைத் திறந்து படிங்க. சத்தமாவே படிங்க."

அன்று காலைதான் வந்திருந்த அதை அவள் பாடம் ஒப்பிப்பதுபோலப் படித்தாள்.

"'நீ போய் மூணு வருஷம் ஆகப்போகுது. இங்கே நீ பில் போட்டுக்கிட்டிருந்தப்போ வெச்சிருந்த விலாசம் இது. எழுதினா இன்னும் திரும்பி வரலை, அதனால எழுதறேன். பையன் கம்பெனியை நல்லா நடத்தறான், நீ கவலைப்படாதே. வீட்டுல என்கிட்ட பேசத்தான் அவனுக்கு நேரமில்லை. நேத்து, சாப்பிட்டாச்சான்னு கேட்டான். சந்தோஷமா இருந்தது. ஆச்சுப்பான்னு சொன்னேன். அப்புறம்தான் பார்த்தேன், ஃபோன்ல வேற யாரையோ கேட்டிருக்கான்...' சார், மேல படிக்கட்டுமா?"

சின்னவருக்கு நேற்று அப்பா ஏதோ சொன்னதும், பேச்சுக்கு இடைஞ்சல் என்று கையால் அமர்த்திவிட்டு அடுத்த அறைக்குப் போனது ஞாபகம் வந்தது. பெரியவர் உட்கார்ந்திருந்த பக்கம் திரும்ப அவரால் முடியவில்லை. கூட்டத்தைக் கூட்டியதும் அவர்தான், சத்தமாகப் படிக்கச் சொன்னதும் அவர்தான்.

வயர் அண்ணன் எட்டி ஃபோனை அணைத்தார்.

"அது நான் என் சம்சாரத்துக்கு எழுதினதுங்க," என்றார் எல்லோரையும் பார்த்து. "பையன்மேல இருந்த வருத்தத்துல ஏதோ கிறுக்கியிருக்கேன். ஆபீஸ் மெயிலைச் சொந்தத்துக்கு வெச்சுக்கிட்டது என் தப்பு. மன்னிச்சிடுங்க."

ஒருவரும் தலை நிமிரவில்லை. கணக்குப் பிரிவு அம்மாதான் முதலில் பேசினார். "பரவாயில்லை விடுங்க அண்ணே. மனசு கேட்காம எழுதியிருப்பீங்க."

வயர் அண்ணனுக்குக் கல்யாணமே ஆகவில்லை என்பது அந்த அறையில் தெரியாதவர் யாரும் இல்லை.