களிமண் கழுத்து

தாடைக்குக் கீழே இறங்கிய விரல்கள் அங்கேயே நின்றுவிட்டன.

பிரமிளா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். வளையல்கள் ஒருமுறை குலுங்கி அடங்கின.

பவுடர் மணந்தது. கழுத்தில் அப்பி அப்பிப் பூசிய பவுடர். கண் உள்ளவர்களை ஏமாற்ற அது போதும்.

சிற்பம் செய்பவளுக்குப் பிறவியிலேயே கண் இல்லை. விரல்கள்தான்.

இடப்பக்கம் நான்கு வீக்கம். வலப்பக்கம் ஒன்று, கொஞ்சம் பெரியது.

"கல்யாண நாளுக்குப் பரிசுங்க" என்றார் பிரமிளாவின் கணவர், எதிர் நாற்காலியிலிருந்து. "நீங்க தொட்டே செய்யறீங்கன்னு பேப்பர்ல போட்டிருந்தான். கண்ணிருக்கறவன் செஞ்சா பொம்மை, நீங்க செஞ்சா ஆளேதானாமே?"

"ஆமாங்க சார்."

அந்தப் பெருமை சிற்பிக்கு நிறையவே இருந்தது.

ஒரு கை பிரமிளாவின் முகத்தில். ஒரு கை களிமண்ணில்.

நெற்றி வந்தது. மூக்கு வந்தது, மூக்குத்தியோடு. உதடு வந்தது, வெடிப்போடு.

கழுத்துக்கு வந்தபோது பிரமிளா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். சின்னதாக ஓர் அழுத்தம். வேண்டாம்.

புரிந்தது. ஆனால் தொட்டதைச் செய்யாமல் விட்டு அந்தக் கைக்குப் பழக்கமில்லை.

ஐந்தையும் வைத்தாள்.

கணவர் எழுந்து வந்தார்.

"மூஞ்சி அச்சு அசலுங்க! கழுத்துல மட்டும் என்ன, மேடு மேடா?"

"ஈரமாத்தாங்க சார் இருக்கு. நீங்களே அமுக்கி விட்டுருங்க."

சிரித்துக்கொண்டே கை வைத்தார்.

ஒரே பிடி. களிமண் நசுங்கியது.

அவர் கையை எடுத்ததும் அவள் தடவிப் பார்த்தாள். இடப்பக்கம் நான்கு பள்ளம். வலப்பக்கம் ஒன்று, கொஞ்சம் பெரியது. அவள் வைத்த மேடு ஒவ்வொன்றின் மேலும், இம்மி பிசகாமல்.

"இப்பதாங்க சார் சரியா வந்திருக்கு."

சிரிப்பு நின்றது.

குழாய் திறந்தது. அவர் வெகுநேரம் கை கழுவினார்.

"கிளம்பு" என்றார் மனைவியிடம்.

வெளியே கார்க் கதவு ஒன்று அறைந்து சாத்தப்பட்டது.

வளையல் சத்தம் வாசல்வரை போய் நின்றது.

போகாதே. வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சிற்பி காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

பிறகு, மெதுவாக, இன்னொரு கதவு.

கார் போய்விட்டது.

கையை எடுக்கப் போனபோதுதான் தெரிந்தது. அவளுடைய ஐந்து விரல்களும் அந்த ஐந்து பள்ளங்களில் இருந்தன.