அங்கயற்கண்ணியின் விமர்சனம்

பக்கவாதம் வந்து பேச்சு போவதற்கு முன், அங்கயற்கண்ணி வாய் ஓயாமல் விமர்சனம் செய்தபடிதான் சீரியல் பார்ப்பாள். இப்போது மாதக்கணக்கில் சத்தமில்லாமல் பார்க்கிறாள். அந்த அமைதியைத் தாங்க முடியாமல், அதுவரை சீரியல் பக்கமே தலைவைக்காத கணவர் சொக்கலிங்கம் அருகில் வந்து உட்காரத் தொடங்கினார். அவளுக்குப் பதிலாகத் தானே கருத்துச் சொன்னார். எல்லாம் தப்பு. வில்லியை நல்லவள் என்றார். கதாநாயகியின் மாமியாரை அம்மா என்றார். அவள் பெருமூச்சு விடுவாள், அவ்வளவுதான்.

அன்று கதாநாயகன் சந்தேகப்பட்டு மனைவியை வீட்டைவிட்டுத் துரத்தினான். பிறகு மழையில் தனியாக நின்று அழுதான். சொக்கலிங்கமும் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பாவம்டி, அவன் என்ன செய்வான்?"

அங்கயற்கண்ணியின் கோணிய உதடு துடித்தது.

"முட்டா... பய."

அவர் அவசரமாக டிவியின் சத்தத்தை நிறுத்தினார்.

"யாரைச் சொல்ற? அவனையா, என்னையா?"

அவள் திரையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். வார்த்தை வந்துசேர நேரமாயிற்று.

"ரெண்டு... பேரையும்."

சொக்கலிங்கம் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சரி, வேற என்னென்ன தப்பாச் சொன்னேன்? சொல்லு."