திரும்பி வராதவர்கள்

குடலிறக்கத்துக்குத் தான் கண்டுபிடித்த தையல் முறையைப் பற்றித் தலைமை மருத்துவர் மேடையில் முழங்கினார். "தையல் விட்டுப்போச்சுன்னு ஒருத்தர்கூட என்கிட்ட திரும்பி வந்ததில்லை."

"வராதவங்களுக்குப் போன் போட்டு விசாரிச்சோமா சார்?" என்றாள் உதவி மருத்துவர்.

"நல்லா இருக்கறவன் எதுக்கும்மா வரப்போறான்?"

அரங்கமே கைதட்டியது. விருது வாங்கக் குனிந்தவர் நிமிர முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் காலை, தொப்பியும் முகக்கவசமுமாக, ஊரின் மறுகோடியில் இருந்த போட்டி மருத்துவமனைக்குள் பூனைபோல் நுழைந்தார். காத்திருந்தவற்றில் பாதி அவர் கைபட்ட வயிறுகள். முகக்கவசமெல்லாம் அவர்களிடம் பலிக்கவில்லை.

பெரியவர் ஒருவர் நகர்ந்து இடம்கொடுத்தார். "உட்காருங்க டாக்டர். எங்களுக்கெல்லாம் நீங்க போட்ட தையல்தான் விட்டுப்போச்சு. உங்களுக்கு யார் போட்டது?"

"என்கிட்ட கத்துக்கிட்டவன்தான்" என்றார் மருத்துவர்.