ஏழு நாள் கட்டு

கட்டின் கடைசிச் சுற்றை அவிழ்க்குமுன் புண்ணுக்குக் கட்டுப் போடும் டிரஸர் இராமலிங்கம் குனிந்து மோந்து பார்த்தார்.

சீழ் நாற்றம் இல்லை.

செந்தூல் ரயில்வே வீடுகளை ஒட்டியிருந்த அந்த மருந்தகத்தில் இருந்தது ஒரே நாற்காலி. அதில் வேலாயுதம் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்தான். பின்னால் அவன் மனைவி பவுனம்மாள். வாசலில், ஜப்பான்காரர்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் பாலன்.

வேலாயுதத்தின் பிடரிக்கு மேலே பத்து வருடமாக எலுமிச்சம்பழம் அளவில் ஒரு கட்டி இருந்தது. விரலால் தள்ளினால் தோலுக்கடியில் வழுக்கிக்கொண்டு ஓடும். வலி கிடையாது. வெறும் கொழுப்பு. போன வாரம் தொட்ட மாத்திரத்திலேயே இராமலிங்கத்துக்குத் தெரிந்துவிட்டது.

ஆனாலும் ஜப்பான் டாக்டரிடம் வேறு மாதிரி சொன்னார். மூளைக்குள் வேர் போயிருக்கிறது, ஆள் எந்த வேலைக்கும் தேறமாட்டான் என்று.

டாக்டர் தானும் ஒரு விரலால் தள்ளிப் பார்த்தார். சிரித்தார். அறுத்து எடுக்கச் சொன்னார்.

மயக்க மருந்து இல்லை. வேலாயுதம் துண்டைக் கடித்துக்கொண்டான். கட்டி முழுசாக வந்தது. இராமலிங்கம் தையல் போட்டார். மருந்து எதுவும் தடவாமலே துணியைச் சுற்றினார்.

"ஏழு நாளைக்குப் பிரிக்கவே கூடாது" என்று பவுனம்மாளிடம் இரண்டு தடவை சொன்னார்.

இன்று ஏழாம் நாள்.

துணி முழுவதும் வந்துவிட்டது. தையலின் இரு கரையும் கூடி, இளஞ்சிவப்பாய்க் காய்ந்திருந்தன. இருபது வருட வேலையில் இவ்வளவு சுத்தமாக ஆறிய புண்ணை அவர் பார்த்ததில்லை.

வாசலில் நின்ற பாலனைத் திரும்பிப் பார்த்தார்.

"திட்டாதீங்க டிரஸரய்யா" என்றாள் பவுனம்மாள். முகமெல்லாம் பெருமை. "பிரிக்கக் கூடாதுன்னீங்க, எனக்குத்தான் மனசு கேக்கல. தெனமும் அவுத்து உப்புத் தண்ணி காச்சிக் கழுவினேன். இந்தச் சண்டைக் காலத்துல உப்பு எங்க கெடைக்குது? நாங்க ஏழு நாளும் கஞ்சிய சப்புனே குடிச்சிக்கிட்டோம்."

இராமலிங்கம் அவசரமாகத் துணியை மறுபடி சுற்றப் போனார். அதற்குள் பாலன் கிட்டே வந்து எட்டிப் பார்த்துவிட்டான்.

"ஆறிடுச்சே லா" என்றான். சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்து ஒரு பெயருக்கு நேரே குறி போட்டான். "புண்ணு ஆறட்டும்னுதான் டாக்டர் உன்ன நிறுத்தி வெச்சிருந்தாரு. நாளைக்குக் காலையில சயாம் வண்டி. ஒரு போர்வ மட்டும் எடுத்துக்க."

சயாமில் ஜப்பான்காரர்கள் போடும் ரயில்பாதை வேலைக்குப் போன யாரும் செந்தூலுக்கு இன்னும் திரும்பவில்லை.

பவுனம்மாள் டிரஸரின் முகத்தைப் பார்த்தாள்.

அவர் நிமிரவே இல்லை.